வார்ட் பயிற்சியைப் பற்றி தாதிய மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம்: எதைக் கேட்பது, எப்போது கேட்பது?

#1 சேமமடு

வணக்கம். பயிற்சி முடிந்து வார்டை விட்டு வரும் தாதிய மாணவர்களிடம், அந்த வார்ட் படிக்க ஏற்ற இடமாக இருந்ததா என்று கேட்கும் படிவம் ஒன்று தயாரிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவ வார்ட், சத்திரசிகிச்சை வார்ட், மகப்பேற்று வார்ட், சிறுவர் வார்ட் நான்குக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு வார்டுக்கு ஒரு தடவையில் 4 முதல் 6 பிள்ளைகள், 4 வாரம்.

வழமையான படிவங்களில் எல்லாக் கேள்விக்கும் 5 போட்டு மேலிருந்து கீழே ஒரே கோடாக ரிக் பண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வைத்து எந்த வார்டில் எதைத் திருத்துவது என்று ஒன்றும் பிடிபடாது. வெளிநாட்டு அளவுகோல் ஒன்றை எடுப்பதா, நாங்களே எழுதுவதா? இதில் வேலை செய்தவர்கள் விபரமாக எழுதுங்கள்.

#2 கனகராயன்

இரண்டு அளவுகோல்களைப் பார்க்கலாம். முதலாவது பின்லாந்தில் மிக்கோ சாரிகொஸ்கியும் சகாக்களும் உருவாக்கிய சிஎல்ஈஎஸ் (CLES), பயிற்சி இடத்தின் கற்றல் சூழலை அளக்கும் படிவம். 2002இல் வந்தது. 2008இல் தாதிய ஆசிரியரின் பங்கையும் சேர்த்து சிஎல்ஈஎஸ்+ரி ஆக விரிந்தது. 34 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. வார்டின் கற்றல் சூழலுக்கு 9 கூற்று, மேற்பார்வை உறவுக்கு 8, வார்டுப் பொறுப்பாளரின் தலைமைத்துவத்துக்கு 4, அந்த வார்டில் தாதியப் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு 4, தாதிய ஆசிரியரின் பங்குக்கு 9.

இரண்டாவது அவுஸ்திரேலியாவில் டொமினிக் சான் அதே நோக்கத்துக்கு உருவாக்கிய சிஎல்ஈஐ (CLEI). 42 கூற்றுகள், ஆறு பிரிவு, பிரிவுக்கு 7. நான்கு தெரிவுகள்தான், நடுவில் ஒதுங்கி நிற்க இடமில்லை. அதன் சிறப்பு, ஒரே கூற்றை இரண்டு விதமாகக் கேட்பது: வார்ட் உண்மையில் எப்படி இருந்தது, எப்படி இருந்திருக்க விரும்புகிறாய். இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் திருத்த வேண்டிய இடம். ஆனால் இரண்டு படிவமும் சேர்ந்தால் 84 ரிக். நைட் முடித்து வரும் பிள்ளை முப்பதாவது கேள்விக்குப் பிறகு வாசிக்க மாட்டாள்.

என்னுடைய தெரிவு முதலாவது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். மொழிபெயர்ப்பை ஒருவரிடம் விடாதீர்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு 5 முதல் 10 பிள்ளைகளை வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து என்ன விளங்குகிறது என்று வாயால் சொல்லச் செய்யுங்கள். கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிழைகள் பிடிபடுவதும் அங்கேதான்.

#3 நெடுங்கேணி

கனகராயன் சொல்லுறது சரி, ஆனா அந்த அளவுகோல் வந்த இடத்தில ஒரு பிள்ளைக்கு ஒரு மேற்பார்வைத் தாதி எண்டு பெயர் குறிச்சு ஒதுக்குவினம். எங்கட வார்டில காலை 7க்கு ஒரு மிஸ் (தாதிய உத்தியோகத்தர்), பின்னேரம் 1 மணிக்கு வேற மிஸ், இரவு 7க்கு இன்னொரு மிஸ். நாலு வாரத்தில ஒரு பிள்ளை பத்துப் பேரோட வேலை செய்வா. "உங்கள் மேற்பார்வையாளர் உங்களை மதித்தாரா" எண்டு கேட்டா அவ ஆரை நினைச்சு ரிக் போடுவா? ஒண்டில் நல்லாச் சொல்லித் தந்த மிஸ்ஸை, இல்லாட்டி கடைசியாப் பேசின மிஸ்ஸை. அந்த 8 கேள்வியும் அப்படியே பிசகிப் போகும்.

அதோட 5 போடுற பிரச்சினை மொழிபெயர்ப்பால தீராது. "சூழல் நன்றாக இருந்தது" எண்டு கேட்டா மரியாதைக்கு ஓம் எண்டுதான் வரும். அது சிஸ்டரை, அதாவது வார்டுப் பொறுப்பாளரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் சொல்லுற கேள்வி. எங்கட பிள்ளையள் பெரியாக்களைப் பற்றி அப்படி எழுதாயினம். நடந்ததைக் கேளுங்கோ. நடந்ததுக்கு எண்ணிக்கை இருக்கு, அதில மரியாதைக் குறைவு ஒண்டுமில்லை.

#4 சேமமடு

நெடுங்கேணி அக்கா, "நடந்ததைக் கேட்பது" என்றால் படிவத்தில் எப்படி எழுதுவது? இரண்டு மூன்று உதாரணம் தர முடியுமா?

#5 நெடுங்கேணி

சத்திரசிகிச்சை வார்டில காயத்துக்கு மருந்து கட்டுறதை எடுங்கோ. பிள்ளை ஒரு நாளைக்கு எட்டுக் கட்டிலுக்கு ட்ரொலி தள்ளுவா, பொதி பிரிச்சுக் குடுப்பா, பழைய துணியை மஞ்சள் பையில போடுவா. போர்செப்ஸைக் கையில எடுக்க விட்டிருக்காயினம். படிவத்தில "மருந்து கட்டக் கற்றுக்கொண்டேன்" எண்டு இருந்தா நேர்மையா ஓம் எண்டு போடுவா, எட்டுக் கட்டிலும் பார்த்தவதானே. அதை நாலாப் பிரியுங்கோ: பார்க்க மட்டும் கிடைத்தது, உதவி செய்தேன், ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க நானே செய்தேன், ஒருவரும் பார்க்காமல் நானே செய்தேன். நாலாவதும் கட்டாயம் வேணும். ஆள் பற்றாத வார்டில நாலாவது கூடும். அது கற்றல் இல்லை, நோயாளருக்கும் ஆபத்து.

டெங்கு சாட் இன்னொண்டு. மழைக்காலத்தில மருத்துவ வார்டில மாணவிதான் மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாடி, பிரஷர், சிறுநீர் எழுதுவா. கேட்க வேண்டியது எத்தனை சாட் நிரப்பினாய் எண்டில்லை. "எந்த எண் வந்தால் உடனே மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே யாராவது சொன்னார்களா?" எண்டு கேளுங்கோ. மேல் பிரஷருக்கும் கீழ்ப் பிரஷருக்கும் வித்தியாசம் 20 அல்லது அதுக்குக் கீழ வந்தா சொல்லவேணும். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றருக்குக் குறைஞ்சா சொல்லவேணும். 45 கிலோ ஆளுக்கு அது கிட்டத்தட்ட 22 மில்லி. இது தெரியாமல் 90/75 எண்டு அழகா எழுதிப்போட்டு அடுத்த கட்டிலுக்குப் போற பிள்ளை வேலை செய்திருக்கிறா, படிக்கேல்லை. அவவில பிழையுமில்லை.

பாம்புக்கடியும் எங்கட பக்கத்துக்கு வேணும். புடையன் கடிச்சு வந்தா 20 நிமிசக் குருதி உறைதல் பரிசோதனை கட்டிலடியில செய்யிறது. உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில 2 மில்லி இரத்தம், 20 நிமிசம் அசைக்காமல் வைக்கிறது, பிறகு ஒருதரம் மட்டும் சரிச்சுப் பார்க்கிறது. குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தாலோ, பிளாஸ்ரிக் குழாய் எண்டாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிக்கும், முடிவு பிழைக்கும். "இந்தப் பரிசோதனையைப் பார்த்தேனா, ஏன் கண்ணாடிக் குழாய் என்று யாராவது விளக்கினார்களா" எண்டு இரண்டு வரி போதும். ரெண்டாவதுக்கு 'இல்லை' எண்டு எல்லாரும் போட்டா, அடுத்த குழு வரமுன் திருத்த ஐந்து நிமிசம்தான் தேவை.

#6 வட்டுவாகல்

எண்ணிக்கை பற்றிக் கொஞ்சம். வார்டுக்கு 6 பேர் என்றால் சராசரியை ஒப்பிடாதீர்கள். 6 பேரில் ஒருவர் 5க்குப் பதிலாக 4 போட்டால் அந்தக் கேள்வியின் சராசரி 0.17 இறங்கும். ஒரு வார்ட் 4.5, இன்னொன்று 4.3 என்று அட்டவணை போட்டால், அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு பிள்ளையின் அன்றைய மனநிலை. "6 பேரில் 4 பேர் கண்காணிப்போடு செய்தார்கள், 2 பேர் பார்க்க மட்டும்" என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். சிஸ்டருக்கும் அதுதான் விளங்கும்.

அல்பா (கேள்விகளின் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.9 வந்தது, ஆகவே படிவம் நம்பகமானது என்று அறிக்கைகளில் வரும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு எண்ணையே எல்லாக் கேள்விக்கும் கோடிழுத்தாலும் அல்பா உயர்ந்துதான் வரும். முதலில் படிவங்களைக் கையில் எடுத்து, எத்தனை பேர் ஒரே எண்ணைக் கீழ்வரை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கோடிழுப்பதைப் பிடிக்க எதிர்மறைக் கூற்றுகளை நடுவில் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை" என்பதற்கு "உடன்பாடில்லை" என்று போட வேண்டிய பிள்ளை, இரண்டு இல்லைகளுக்கு நடுவில் தடுமாறி மாறிப் போடுவாள். புள்ளியைத் திருப்பிக் கணக்கிட மறக்கிற ஆபத்து வேறு. அக்கா சொன்ன நாலு தெரிவு முறை இருந்தால் இந்தப் பொறி தேவையே இல்லை.

இனி அடையாளம். வயது, பால், இனம், ஊர், எத்தனையாம் ஆண்டு என்று தலைப்பில் ஐந்து கட்டம் போடுவது வழக்கம். குழுவில் ஆண் பிள்ளை ஒருவர்தான் என்றால் "ஆண்" என்று ரிக் போட்ட கணமே பெயர் எழுதியது போல. நாலு பேர் குழுவில் எதையுமே கேட்காதீர்கள். வார்ட், மாதம் இரண்டும் போதும். 5 பேருக்குக் குறைவான வார்டின் முடிவைத் தனியாக வெளியிடாமல், அடுத்தடுத்த குழுக்களோடு சேர்த்து வையுங்கள்.

#7 கனகராயன்

நெடுங்கேணியின் ஆட்சேபணை மேற்பார்வைப் பகுதிக்குப் பொருந்தும். முழு அளவுகோலையும் தூக்கி எறிய அது காரணமாகாது. அந்தப் படிவத்திலேயே மேற்பார்வை எப்படி நடந்தது என்று தனியாகக் கேட்கிறார்கள்: ஒருவரே தொடர்ந்து இருந்தாரா, ஆள் மாறியதா, குழுவாகவா, யாருமே இல்லையா. அந்த ஒரு கேள்வியின் விடை இல்லாமல் மற்ற எட்டையும் வாசிக்கக்கூடாது. ஆள் மாறுவதுதான் எங்கள் வழமை என்று தெரிந்தால், "மேற்பார்வையாளர்" என்ற இடத்தில் "அந்த ஷிப்டில் பொறுப்பாக இருந்த தாதிய உத்தியோகத்தர்கள்" என்று போட உரிமையாளரிடம் கேட்கலாம்.

கற்றல் சூழல் பற்றிய 9 கூற்றையும் விடாதீர்கள். வார்ட் ஆட்கள் மாணவரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்களா என்று ஒன்று வரும். சின்ன விடயம் போலத் தெரியும். "ஸ்டூடன்ற், இஞ்ச வாங்கோ" என்று மட்டும் நாலு வாரமும் கூப்பிடுகிற வார்டில் அந்தக் கூற்றுக்குப் புள்ளி விழும், மற்றவை எல்லாம் 5 ஆக இருந்தாலும். ஷிப்ட் மாறும்போது நடக்கிற கையளிப்பில் தயக்கமில்லாமல் பேச முடிந்ததா என்பதும் அப்படியே.

இன்னொன்று யாரும் தொடவில்லை: பருவம். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கும் எலிக்காய்ச்சலும் கூடும். வயல் வேலை மும்முரமான காலத்தில் பாம்புக்கடி கூடும். மார்கழியில் மருத்துவ வார்டுக்குப் போன குழுவையும் ஆடியில் போன குழுவையும் பக்கத்தில் வைத்து, வார்ட் மோசமாகிவிட்டது என்று எழுதினால் அது அநியாயம். மார்கழிக் குழு நோய்களைக் கண்டிருக்கும், ஆனால் கேள்வி கேட்க மிஸ்ஸுக்கு நேரம் கிடைத்திருக்காது. ஆடிக் குழுவுக்கு இது தலைகீழ். ஒரு வார்டை அதே வார்டின் போன வருட அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

#8 பாலம்பிட்டி

படிவத்தை எப்ப, ஆர் குடுக்கிறது எண்டதைப் பற்றி ஒருவரும் எழுதேல்லையே. பயிற்சியின் கடைசி நாளில வார்ட் மேசையில வைச்சு, சிஸ்டரே குடுத்து, நிரப்பினதை அவவே வாங்கிறது சில இடங்களில நடக்கும். அப்ப அந்தப் பிள்ளையின்ர செயன்முறைப் புத்தகம் கையெழுத்துக்காக சிஸ்டரின்ர லாச்சியிலதான் கிடக்கும். கையெழுத்து விழாட்டி பயிற்சி முடிஞ்ச கணக்கில்லை. அந்த நேரத்தில 5ஐ விட வேற என்ன போடுறது?

கையெழுத்தெல்லாம் முடிஞ்சு, புத்தகம் பிள்ளையின்ர கைக்கு வந்த பிறகு, கல்லூரி வகுப்பறையில வைச்சுக் குடுங்கோ. ஒரு கிழமைக்கு மேல தள்ளவும் வேண்டாம், அடுத்த வார்ட் தொடங்கினாப் பழையதும் புதுசும் கலந்து போகும்.

ரியூட்டர் மிஸ்ஸும் (தாதிய ஆசிரியர்) குடுக்கக்கூடாது. கனகராயன் சேர் சொன்ன 34இல 9 கேள்வி ரியூட்டரைப் பற்றியது. அலுவலகத்தில இருக்கிற ஒருவர் குடுத்து, வாய் மூடின பெட்டியில போடச் சொல்லுறது நல்லது.

கேள்வியளில விடுபட்டுப்போற சிலதும் இருக்கு. வைத்தியருக்கும் நோயாளருக்கும் பொதுமொழி இல்லாத நேரம் தமிழ்ப் பிள்ளையளைத்தான் கூப்பிடுவினம். கனுலா (நாளத்துக்குள்ள ஏத்திற மெல்லிய குழாய்) போடுறதைப் பார்த்துக்கொண்டு நிண்டவ பாதியில விட்டிட்டு மொழிபெயர்க்கப் போவா, திரும்பி வரேக்க எல்லாம் முடிஞ்சிருக்கும். சிங்களப் பிள்ளையளுக்கு இதின்ர மற்றப் பக்கம்: அம்மாமாரோட கதைக்க ஏலாமல் வரலாறு எடுக்கிற வேலை அவைக்குக் கிடைக்காது. ஒரே வார்ட், ஒரே மாதம், இரண்டு விதமான படிப்பு. பின்னேர ஷிப்ட் முடிஞ்சு இரவு 7க்குப் பிறகு விடுதிக்குப் போக வழி இருந்ததோ, உடுப்பு மாத்தவும் சாப்பிடவும் ஒரு அறை இருந்ததோ எண்டும் கேட்கவேணும். ஏ9 பெருந்தெரு ஓரத்தில இருக்கிற இடத்துக்கும், மாங்குளத்தில இறங்கி ஏ34 தெருவில உள்ளுக்குப் போற இடத்துக்கும் பஸ் விசயத்தில நிறைய வித்தியாசம்.

#9 நெடுங்கேணி

தங்கச்சி சொன்ன மொழி விசயம் முக்கியம். ஆனா கேள்வியைக் கவனமா எழுதவேணும். "மொழியால் பாரபட்சம் காட்டினார்களா" எண்டு போட்டா ஒருவரும் வாய் திறக்காயினம், வார்டில வீண் மனக்கசப்பும் வரும். "மொழிபெயர்க்கப் போனதால் செய்முறை ஒன்றைப் பாதியில் விட வேண்டி வந்ததா? வாரத்துக்கு எத்தனை தடவை?" எண்டு கேளுங்கோ. மற்றப் பக்கத்துக்கு, "நோயாளியிடம் நேரடியாக வரலாறு கேட்கும்போது மொழி உதவிக்கு யாராவது கூட இருந்தார்களா?" எண்டு. விடை வந்தா சிஸ்டர் செய்யக்கூடியது ஒண்டு இருக்கு: இரண்டு மொழிப் பிள்ளையளையும் சோடியா ஒரே கட்டில் வரிசைக்குப் போடலாம். ஒருவர் கேட்க மற்றவர் எழுத, இரண்டு பேரும் படிப்பினம்.

#10 முறிகண்டி

சமூக சுகாதாரப் பயிற்சிக்கு இந்தப் படிவம் எதுவும் சரிவராது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிற பிள்ளைக்கு வார்டும் இல்லை, கையளிப்பும் இல்லை. அவள் ஒரு குடும்பநல உத்தியோகத்தரோடு வீடு வீடாகப் போகிறாள். அங்கே உண்மையிலேயே ஒருவருக்கு ஒருவர் மேற்பார்வை நடக்கிறது, ஆகவே அந்த 8 கூற்றும் அங்கேதான் பொருந்தும். வீட்டுத் தரிசிப்பில் கர்ப்பவதியின் பதிவேட்டை மாணவி வாசித்தாளா, குழந்தையின் நிறை வரைபடத்தில் புள்ளியைத் தானே குறித்தாளா, வளைவு தட்டையாகப் போனால் தாயிடம் என்ன கேட்பது என்று சொல்லித் தந்தார்களா என்று வேறு ஒரு பக்கம் எழுதுங்கள். ஒருவருக்கு ஒருவர் என்பதால் அடையாளப் பிரச்சினை இங்கே மிகக் கூட. ஒரு வருடத்து விடைகளைச் சேர்த்துத்தான் வெளியே காட்ட முடியும்.

#11 சேமமடு

மிக்க நன்றி. கூகிள் படிவத்தில் போட்டால் எண்ணுவது லேசு என்று ஒரு யோசனை இருக்கிறது. கடதாசியா, கைத்தொலைபேசியா?

#12 வட்டுவாகல்

கடதாசி. கூகிள் படிவத்தில் "ஒருவருக்கு ஒரு பதில்" என்று வைத்தால் கணக்கில் உள்நுழையச் சொல்லும். மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை நிறுத்தி வைத்திருந்தாலும், உள்நுழைந்த பிள்ளை தன் பெயர் தெரிகிறது என்றே நினைப்பாள். பதில்கள் விழும் தாளில் முதல் நிரலே நேரமுத்திரை. நாலு பேர் குழுவில் யார் எப்போது நிரப்பினார் என்பது வகுப்புக்கே தெரியும். எங்கட உட்கிராமங்களில் சிக்னலும் ஒரு பிரச்சினை.

கடதாசியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: "வேறு கருத்துகள்" பகுதி. ரியூட்டர்மாருக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் அத்துப்படி. வேறு ஒருவர் அதைத் தட்டச்சு செய்து, கட்டில் இலக்கம், திகதி, பெயர்களை எடுத்துவிட்டு, பிறகுதான் கையளிக்க வேண்டும். ஒரு விலக்கு: நோயாளருக்குத் தீங்கு நடந்ததாகவோ மாணவரைத் துன்புறுத்தியதாகவோ எழுதியிருந்தால் அதைச் சேர்த்து வைக்கிற குவியலுக்குள் போட்டுப் புதைக்கக்கூடாது. அது யாரிடம், எத்தனை நாளுக்குள் போகும் என்று படிவத்தின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். எழுதுகிற பிள்ளைக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும்.

#13 கனகராயன்

வட்டுவாகலோடு முழு உடன்பாடு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வார்டுகளை வரிசைப்படுத்தி 1, 2, 3 என்று அறிவித்தல் பலகையில் ஒட்டாதீர்கள். கீழே வந்த வார்டில் அடுத்த குழுவுக்கு என்ன நடக்கும் என்றால், எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள், ஒரு செய்முறையையும் தொட விடமாட்டார்கள். அடுத்த தடவை புள்ளி ஏறும், படிப்பு இறங்கும்.

#14 சேமமடு

அப்படியென்றால் முடிவை வார்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? அறிக்கை எழுதி அனுப்பினால் கோப்புக்குள் போய்விடும்.

#15 நெடுங்கேணி

ஒரு பக்கம், அதுக்கு மேல வேண்டாம். சிஸ்டரின்ர கையில நேர குடுத்து, பதினைஞ்சு நிமிசம் இருந்து கதையுங்கோ. அடுத்த குழு வார்டுக்கு வரமுன் நடக்கவேணும், ரெண்டு கிழமைக்குள்ள எண்டு வையுங்கோ. பக்கத்தின்ர மேல்பாதியில பிள்ளையள் நல்லாப் படிச்ச இரண்டு விசயம், எண்ணிக்கையோட. கீழ மாத்தவேண்டியது ஒண்டே ஒண்டு. ஐஞ்சு எழுதினா ஒண்டும் நடக்காது.

அந்த ஒண்டும் சிஸ்டரின்ர கையில இருக்கிற விசயமா இருக்கவேணும். காலை கையளிப்பு நேரம் மாணவியளைக் கட்டில் விரிக்க அனுப்பாமல் பக்கத்தில நிப்பாட்டுறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஷிப்டுக்கு இரண்டு நோயாளரைப் பொறுப்புக் குடுத்து முடிவில அவவையே சொல்லச் சொல்லுறது, டெங்கு சாட்டில அறிவிக்கவேண்டிய எண்களை எழுதிச் சுவரில ஒட்டுறது, இதுகளுக்குக் காசு தேவையில்லை. ஆள் பற்றாக்குறை, பிரஷர் கருவி பழுது, உடுப்பு மாத்த அறை இல்லாதது எல்லாம் வேற தாளில மேற்றனுக்கும் பணிப்பாளருக்கும் போகவேணும். அதைச் சிஸ்டரின்ர பக்கத்தில எழுதினா அவ அதையே காரணமாச் சொல்லி மற்றதையும் விட்டிடுவா. அவவைக் குறை சொல்லவும் ஏலாது, ஏனெண்டால் அது உண்மைதான்.

அடுத்த குழுவின்ர படிவத்தில முதலாவது கேள்வியா அந்த மாத்தச் சொன்ன விசயத்தைப் போடுங்கோ. மாறினதோ இல்லையோ எண்டு அங்கேயே தெரியும்.

#16 பாலம்பிட்டி

பிள்ளையளுக்கும் திரும்பிச் சொல்லவேணும் அக்கா. போன குழு சொன்னதால இந்த வார்டில இது மாறியிருக்கு எண்டு, அடுத்த குழு வார்டுக்குப் போற முதல் நாள் அறிமுகத்தில ஒரு வரி. அதைக் கேட்ட குழு கோடிழுக்காது.

#17 சேமமடு

சரி. நாலு தெரிவு முறையில் வார்டுக்கு 12 செய்முறை, கற்றல் சூழல் 9 கூற்று (அனுமதி கிடைத்த பிறகு), மொழி 2, போக்குவரத்தும் தங்குமிடமும் 3, ஒரு திறந்த கேள்வி. மொத்தம் 27, இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். சமூக சுகாதாரத்துக்கு வேறு தாள். மகப்பேற்று வார்டின் 12 செய்முறைகளுக்கு எதை எடுப்பது என்று அந்த வார்டில் இருப்பவர்கள் எழுதினால் வரைவை இங்கேயே போடுகிறேன்.